மழைக் கணக்கும் திறந்த ஏடும்

வாரந்தோறும் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் இந்திய வானிலைத் துறையின் வேளாண் வானிலை அறிக்கை வெளியாகிறது. அடுத்த ஐந்து நாட்களில் எவ்வளவு மழை பெய்யக்கூடும், வெப்பநிலை எவ்வாறிருக்கும், காற்று எத்திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வீசும் என்னும் விவரங்களையும், அவற்றுக்கேற்பப் பயிருக்குச் செய்யவேண்டுவன இவை என்னும் யோசனைகளையும் அது தாங்கி வருகிறது. மைசூர் மாவட்டத்து ராமாபுரம் போன்றதொரு சிற்றூரில் பணிபுரியும் களப் பணியாளர் அதனைப் படித்துப் பார்த்து, “இன்னும் நான்கு நாள் பொறுத்து ராகியை விதையுங்கள்” என்றோ, “இன்று மருந்து தெளிக்க வேண்டாம்” என்றோ குடியானவர்களிடம் சொல்கிறார். அவர் சொல் பலித்தால் நன்மை. பலியாவிட்டால் விதை போயிற்று, கூலி போயிற்று, ஊரார் அவர்மீது வைத்திருந்த நம்பிக்கையும் குறைந்து போயிற்று.

அவ்வறிக்கையிலுள்ள எண்கள் எங்கிருந்து வருகின்றன? வானத்தை அண்ணாந்து பார்த்து எழுதியவை அல்ல அவை. காற்று, வெப்பம், ஈரம் ஆகியவற்றின் இயக்கத்தைக் கூறும் பௌதிகச் சமன்பாடுகளைப் பெருங் கணிப்பொறிகள் இரவும் பகலும் கணக்கிட்டுத் தரும் விடைகளே அவை. அக்கணக்கின் பெரும்பகுதி இன்றும் ஒரே மொழிக் குடும்பத்தில்தான் எழுதப்படுகிறது. 1957-ஆம் ஆண்டில் வெளிவந்து, பல உருவங்கள் எடுத்து, இன்றளவும் வழக்கொழியாது நிற்கும் ஃபோர்ட்ரான் என்பதே அம்மொழி. கணிப்பொறிகள் வேறாயின, அவற்றைச் செய்த நிறுவனங்களில் பல மறைந்தன, மொழி மட்டும் நிலைத்து நிற்கிறது.

அம்மொழியில் எழுதப்பட்ட முக்கியமான நிரல்கள் பல இன்று எவரும் படிக்கவும் திருத்தவும் கூடியவாறு திறந்து வைக்கப்பட்டுள்ளன. இது பெரும் பேறு. ஆனால், திறந்து வைத்திருப்பது வேறு. திறந்ததைப் படிப்பவர் இருப்பது வேறு. இந்த இரண்டாவது பகுதியில் இந்நாடு காட்டவேண்டிய கவனத்தை இன்னும் காட்டவில்லை என்பதே இங்கு வற்புறுத்தப்படும் கருத்தாகும்.

சூத்திரத்தை மொழிபெயர்த்த மொழி

ஃபோர்ட்ரான் என்னும் பெயர், ‘சூத்திர மொழிபெயர்ப்பு’ என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களைச் சுருக்கி அமைத்ததாகும். 1950-களின் தொடக்கத்தில் கணிப்பொறியிடம் வேலை வாங்குவதென்றால், அந்தப் பொறி மட்டுமே அறிந்த குறியீடுகளை வரிவரியாக எழுதியாக வேண்டும். ஒரு பொறிக்கு எழுதியது மற்றொன்றுக்கு உதவாது. எழுதுவதற்கு ஆகும் செலவு, கணிப்பொறியை ஓட்டும் செலவுக்குக் குறைவாக இல்லை. இந்நிலையில், ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த ஜான் பேக்கஸ் என்பவரின் தலைமையில் ஒரு சிறு குழு, கணித சூத்திரத்தை ஏறக்குறைய அதன் வடிவிலேயே எழுதினால் கணிப்பொறியே அதனைத் தன் குறியீடுகளாக மாற்றிக்கொள்ளுமாறு செய்ய முற்பட்டது. ஆறு மாதத்தில் முடிந்துவிடும் என்று எண்ணித் தொடங்கிய வேலைக்கு மூன்று ஆண்டுகள் சென்றன. 1957-இல், ஐ.பி.எம். 704 என்னும் பொறிக்கென அது வெளிவந்தது.

இவ்வாறு சூத்திரத்தைப் பொறியின் மொழிக்கு மாற்றித் தரும் நிரலுக்கு ‘நிரல்பெயர்ப்பி’ என்று பெயர். மொழிபெயர்ப்பாளர் நல்லவராக அமைந்தால் மூல நூலாசிரியர் வேற்று மொழியைக் கற்கவேண்டியதில்லை. அதுபோல, விஞ்ஞானி பொறியின் உள்ளமைப்பை அறியவேண்டிய தேவை நீங்கிற்று. வானிலை ஆராய்ச்சியாளரும் அணை கட்டும் பொறியியலாளரும் தத்தம் கணக்கைத் தாமே எழுதத் தொடங்கினர்.

அக்காலத்தில் நிரல்கள் துளையிட்ட அட்டைகளில் எழுதப்பட்டன. ஓர் அட்டைக்கு 80 பத்திகள். முதல் ஐந்து பத்திகள் வரியின் எண்ணுக்கு. ஆறாவது பத்தி, முந்தைய வரியின் தொடர்ச்சி என்று காட்டுவதற்கு. ஏழு முதல் எழுபத்திரண்டு வரை நிரலுக்கு. முதல் பத்தியில் ‘சி’ என்னும் ஆங்கில எழுத்து நின்றால், அந்த வரி மனிதர் படிப்பதற்கான குறிப்பு. பொறி அதனைப் பொருட்படுத்தாது. துளையட்டைகள் மறைந்து வெகுகாலம் ஆகியும், இதே அமைப்பில் எழுதப்பட்ட வரிகள் இன்றைய விஞ்ஞான நிரல்கள் பலவற்றில் அப்படியே உள்ளன. எழுதினவர் பணியிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார். அவர் எழுதிய வரி ஓய்வு பெறவில்லை.

மொழி இவ்வளவு காலம் நின்றதற்கு முக்கியமான காரணம் ஒன்று உண்டு. 1966-இல் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பு அதற்கென ஒரு தர இலக்கணம் வகுத்தது. ஒரு நிரல்மொழிக்கு இவ்வாறு பொது இலக்கணம் ஏற்பட்டது அதுவே முதல் முறை. அதனால் அம்மொழி ஒரு கம்பெனியின் தனிச் சொத்தாக இல்லாமல், எந்தக் கம்பெனியின் பொறியிலும் ஓடக்கூடிய பொதுமொழி ஆயிற்று. பின்னர் 77, 90, 95, 2003, 2008, 2018 என்னும் எண்களைப் பெற்ற பதிப்புகள் தோன்றின. இறுதியாக வந்தது 2023-ஆம் ஆண்டுப் பதிப்பு. ஒவ்வொரு பதிப்பிலும் புதியன புகுந்தபோதும், பழைய நிரல்களில் பெரும்பான்மையானவை தொடர்ந்து ஓடவேண்டும் என்னும் கொள்கை காக்கப்பட்டு வந்தது.

இந்நாட்டுக்கு வந்த வரலாறு

1963-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஐ.பி.எம். 1620 என்னும் கணிப்பொறி வந்து சேர்ந்தது. அதனை அறைக்குள் பூட்டிவைக்காமல், மாணவர்கள் தாமே நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் வழக்கத்தை அக்கழகத்தார் ஏற்படுத்தினர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த ஆசிரியர்களுக்கும் பொறியியலாளர்களுக்கும் அங்குக் குறுகிய காலப் பயிற்சிகள் நடைபெற்றன. அவற்றில் கற்பிக்கப்பட்ட மொழி ஃபோர்ட்ரான். அப்பணியில் முன்நின்றவர்களுள் ஒருவர் ஈரோட்டில் பிறந்த பேராசிரியர் வை. இராஜாராமன். அவர் 1969-இல் வெளியிட்ட கணிப்பொறி நிரலாக்க நூல் குறைந்த விலையில் கிடைத்தது. கணிப்பொறியைக் கண்ணால் காணாத ஊர்களிலும் அம்மொழியை மாணவர் கற்பதற்கு அது துணை செய்தது. 1973-இல் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐ.பி.எம். 370 நிறுவப்பட்ட பின்னர், தமிழ்நாட்டுப் பொறியியல் மாணவர் பலரும் அட்டைக் கட்டுகளோடு வரிசையில் நின்று தம் நிரலை ஓட்டுவித்தனர்.

1988-இல் புது தில்லியில் தேசிய மத்திய கால வானிலை முன்னறிவிப்பு மையம் தொடங்கப்பட்டது. அதற்கென கிரே எக்ஸ்-எம்.பி. என்னும் மீத்திறன் கணிப்பொறி வாங்கப்பட்டது. 2012-இல் தொடங்கிய பருவமழைத் திட்டத்தின் கீழ், அமெரிக்க அரசின் பருவகால முன்னறிவிப்பு நிரல் ஒன்றை எடுத்து, இந்தியப் பருவமழைக்கேற்பத் திருத்தும் பணியில் புனே இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தார் ஈடுபட்டனர். 2024 செப்டம்பரில் புனேயில் ‘அர்க்கா’வும், நொய்டாவில் ‘அருணிகா’வும் ஆகிய புதிய கணிப்பொறிகள் இயங்கத் தொடங்கின. அதே ஆண்டு அக்டோபரில் கிராமப் பஞ்சாயத்து அளவிலான வானிலை முன்னறிவிப்பு தொடங்கப்பட்டது. 2025 மே 26-ஆம் தேதி, புனே நிறுவனத்தார் உருவாக்கிய ‘பாரத் முன்னறிவிப்பு முறை’ நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

இந்தப் புதிய முறையின் சிறப்பைக் களப் பணியாளர் எளிதில் உணரலாம். முன்னறிவிப்பு நிரல் வான்வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக்கொள்கிறது. ஒரு கட்டத்துக்குள் அடங்கும் ஊர்களுக்கெல்லாம் ஒரே விடைதான். முன்பு ஒரு கட்டத்தின் பக்கம் 12 கிலோமீட்டர். அதாவது 144 சதுர கிலோமீட்டருக்கு ஒரே மழை எண். இப்பொழுது பக்கம் 6 கிலோமீட்டர். 36 சதுர கிலோமீட்டருக்கு ஓர் எண். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். காலத்தையும் அதற்கேற்பச் சிறு சிறு கூறுகளாகப் பிரிக்கவேண்டியிருப்பதால், வேலை ஏறக்குறைய எட்டு மடங்காகும். இத்தகைய பெருங் கணக்கை விரைவாகச் செய்து முடிப்பதற்கு ஏற்ற மொழி என்பதனாலேயே ஃபோர்ட்ரான் இத்துறையில் நிலைத்துள்ளது. எண்களின் அணிகளை ஒரே வரியில் கூட்டவும் பெருக்கவும் அது வசதி தருகிறது.

திறந்து வைத்தவர்களின் உழைப்பு

மொழி பொதுவானது, ஆயினும் நிரல்பெயர்ப்பியை விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. ஏழைக் கல்லூரிகளுக்கு அது எட்டவில்லை. இக்குறையைப் போக்கியவர்கள் தொண்டர்கள். ஜி.என்.யூ. என்னும் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைச் சார்ந்தவர்கள் முதலில் 1977-ஆம் ஆண்டுப் பதிப்புக்கு ஏற்ற நிரல்பெயர்ப்பியை 1990-களில் உருவாக்கினர். பின்னர், புதிய பதிப்புகளையும் அறிந்த ‘ஜி-ஃபோர்ட்ரான்’ 2005-இல் அவ்வியக்கத்தின் நிரல்பெயர்ப்பித் தொகுதியில் இடம்பெற்றது. இன்று சாதாரண மடிக்கணினியிலும் காசு கொடாமல் அதனை நிறுவிக்கொள்ளலாம். கான்பூரில் அன்று அப்பொறியில் செய்த வேலையைக் கிராமப் பள்ளியின் கணிப்பொறியில் செய்துவிடலாம்.

நிரல்பெயர்ப்பிக்கு அடுத்தபடியாகக் கணித முறைகளின் தொகுதிகள் வருகின்றன. நேரியல் சமன்பாடுகளைத் தீர்ப்பதற்கான லின்பாக் 1979-இலும், அதன் வழித்தோன்றலாகிய லாப்பாக் 1992-இலும் வெளிவந்தன. 1985 முதல் நெட்லிப் என்னும் களஞ்சியம் இத்தகைய முறைகளைக் கேட்டவர்க்கெல்லாம் வழங்கி வந்திருக்கிறது. இன்று பைத்தான் போன்ற புதிய மொழிகளில் கணக்கிடுபவர் பலர், தம் நிரல் உள்ளுக்குள் லாப்பாக்கின் முறைகளை அழைக்கிறது என்பதை அறியாமலே அதன் பயனை அனுபவிக்கின்றனர்.

வேளாண்மைத் துறைக்கும் இதில் பங்குண்டு. மண், நீர், வெயில், உரம் ஆகியவற்றைக் கொண்டு விளைச்சலைக் கணக்கிடும் டி.எஸ்.எஸ்.ஏ.டி. என்னும் பயிர் மாதிரித் தொகுதி ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டது. அதன் மூல நிரல் இன்று திறந்த நிலையில் உள்ளது. ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பின் ‘அக்வாகிராப்’, நீரின் அளவுக்கேற்ப விளைச்சல் எவ்வாறு மாறும் என்பதைக் கணக்கிடுவது. 2022-இல் அதன் மூல நிரல் ஃபோர்ட்ரான் உருவில் திறந்து வைக்கப்பட்டது. அமெரிக்க வளிமண்டல ஆராய்ச்சி மையத்தாரும் பிறரும் சேர்ந்து உருவாக்கிய டபிள்யூ.ஆர்.எஃப். என்னும் வானிலை நிரலும் இத்தகையதே. இந்தியாவிலும் அது பயன்பட்டு வருகிறது.

2020-இல் பல நாட்டு ஆர்வலர்கள் கூடி, மொழிக்குப் பொதுவானதொரு நூல்தொகுதி, நிரல்களைக் கட்டி அமைக்கும் கருவி, கற்போருக்கான பாடங்கள் ஆகியவற்றைத் தாமே உருவாக்கத் தொடங்கினர். இப்பணிகளில் இந்தியக் கல்லூரி மாணவர் சிலரும் பங்கு கொண்டிருக்கின்றனர் என்பது மகிழ்ச்சிக்குரியது. தக்க வழிகாட்டல் கிடைத்தால் இந்நாட்டு இளைஞர் இத்துறையில் பின்வாங்குவதில்லை என்பதற்கு அது சான்று.

படிப்பவர் இருந்தால் விளையும் பயன்

நிரலைத் திறந்து வைப்பதனால் என்ன நன்மை விளைகிறது என்பதற்கு ஓர் உதாரணம் கூறலாம். உலகின் சராசரி வெப்பநிலையை ஆண்டுதோறும் கணக்கிட்டு வரும் அமைப்புகளுள் ஒன்று, நியூயார்க்கிலுள்ள நாசாவின் காடர்டு ஆராய்ச்சி நிலையம். அதன் கணக்கு நிரலைக் குறித்துப் பலர் ஐயம் எழுப்பினர். 2007-இல் அந்நிலையத்தார் நிரலை வெளியிட்டனர். பெரும்பாலும் ஃபோர்ட்ரானில் எழுதப்பட்டு, பல ஆண்டுகளாகச் சிறிது சிறிதாக வளர்ந்து வந்திருந்த அந்நிரல் படிப்பதற்குக் கடினமாக இருந்தது. பிரிட்டனைச் சேர்ந்த மென்பொருள் வல்லுநர் சிலர், எவருடைய கட்டளையும் இன்றி, அதனை வரிவரியாகப் படித்துப் பைத்தான் மொழியில் தெளிவாக மாற்றி எழுதினர். அப்பொழுது சில சிறு பிழைகள் புலப்பட்டன. அவற்றை நிலையத்தார் ஏற்றுத் திருத்திக்கொண்டனர். முடிவில் வெப்பநிலைக் கணக்கு குறிப்பிடத்தக்கவாறு மாறவில்லை. பின்னர் அந்நிலையமே தொண்டர்களின் நிரலைத் தழுவிக்கொண்டது.

இதனால் கிடைத்த பயன் இரண்டு. பிழை திருந்தியது ஒன்று. கணக்கின்மீது நம்பிக்கை உறுதிப்பட்டது மற்றொன்று. நிரலை மூடி வைத்திருந்தால் இரண்டும் நிகழ்ந்திரா. திறந்து வைத்தும் எவரும் படிக்காமலிருந்தால், அப்பொழுதும் நிகழ்ந்திரா.

இந்நாட்டின் நிலையை இவ்வுதாரணத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது தகும். இங்குப் பயன்படும் முன்னறிவிப்பு நிரல்களின் முன்னோடிகள் அயல்நாடுகளில், அந்நாட்டுப் பொதுப்பணத்தில் எழுதப்பட்டவை. அமெரிக்க நிரல்கள் திறந்து கிடைத்தன. நொய்டா மையம் பயன்படுத்தும் பிரிட்டிஷ் நிரலோ, கூட்டு ஒப்பந்தத்தின் வாயிலாகக் கிடைப்பது. இரண்டையும் இந்திய விஞ்ஞானிகள் பெருமுயற்சியுடன் இந்நிலத்துக்கேற்பத் திருத்தி வருகின்றனர். அவ்வுழைப்பைக் குறைத்து மதிப்பிட இயலாது. ஆனால், அத்திருத்தங்களைப் படித்து ஆராயும் திறன் படைத்தவர்கள் ஒரு சில நிறுவனங்களுக்குள் மட்டும் இருந்தால் போதுமா?

மேகத்தின் அளவு கட்டத்தின் அளவைவிடச் சிறியது. ஆதலின், கட்டத்துக்குள் எவ்வளவு மழை பெய்யும் என்பதை நேரடியாகக் கணக்கிடாமல், அனுபவத்தால் வகுத்த விதிகளைக்கொண்டு நிரல் மதிப்பிடுகிறது. அவ்விதிகளில் உள்ள எண்கள் எந்த நிலத்தின் அனுபவத்தைக்கொண்டு வகுக்கப்பட்டனவோ, அந்த நிலத்துக்கு நன்கு பொருந்தும். மைசூர்ப் பகுதியோ மேற்குத் தொடர்ச்சி மலைக்குக் கிழக்கே, மழை மறைவில் அமைந்தது. மலைக்கு மேற்கே கொட்டும் தென்மேற்குப் பருவமழையில் சிறு பங்கே இங்கு வருகிறது. மே மாதத்து இடிமழையும், செப்டம்பர், அக்டோபர் மாத மழையும் இப்பகுதியின் குடியானவனுக்குப் பெரிதும் வேண்டியவை. இம்மழையை நிரல் எங்கே தவற விடுகிறது என்பதை அறிவதற்கு, இம்மழையை அறிந்தவர்களுள் ஒருவராவது அந்நிரலைப் படிக்கத் தெரிந்தவராக இருக்கவேண்டும். பயிர் மாதிரிகளுக்கும் இது பொருந்தும். அயல்நாட்டு ஆராய்ச்சியாளர் கோதுமையையும் மக்காச்சோளத்தையும் முதலில் எண்ணுவது இயல்பு. ராகியின் தன்மையை நுணுகி ஆராய்ந்து நிரலில் சேர்க்கவேண்டியவர்கள் ராகி விளையும் நாட்டினரே.

எழக்கூடிய மறுப்புகள்

‘பழைய மொழியை ஏன் கட்டி அழவேண்டும்? புதிய மொழிக்கு மாறிவிடலாமே’ என்று கேட்பவர் உண்டு. மாறுவது தவறன்று. பைத்தானுக்குரிய விஞ்ஞானத் தொகுதி ஒன்றில் பழைய ஃபோர்ட்ரான் பகுதிகளை வேறு மொழிக்கு மாற்றும் வேலை அண்மைக் காலத்தில் நடந்து வருகிறது. ஆனால், மாற்றுவதற்கும் முதலில் மூலத்தைப் படித்தாக வேண்டும். மூலமொழி அறியாதவர் மொழிபெயர்ப்பு செய்ய இயலுமா? 2023-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆராய்ச்சிச் சாலை வெளியிட்ட ஓர் அறிக்கை, அடுத்த பதினைந்து ஆண்டுகளில் ஃபோர்ட்ரானை நம்பியிருப்பதால் நேரக்கூடிய இடர்களை ஆராய்ந்தது. தேர்ந்த ஆட்கள் கிடைப்பது அரிதாகிவிடும் என்பது அது சுட்டிய முக்கியமான இடர்களுள் ஒன்று. பொருள் வளம் மிகுந்த நாடே இவ்வாறு கவலைப்படுகையில், இந்நாடு கவலையின்றி இருப்பதற்கு நியாயமில்லை.

‘இது வல்லுநர்களின் வேலை, களப் பணியாளருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் இதில் என்ன?’ என்பது மற்றொரு மறுப்பு. வல்லுநர் எங்கிருந்து வருகிறார்? ஏதோ ஒரு பள்ளியில், ஏதோ ஓர் ஆசிரியர், கணக்கின் உள்ளே எட்டிப் பார்க்கும் ஆசையை ஊட்டியதனால் வருகிறார். கணிப்பொறியைப் பயன்படுத்துவதற்கு மட்டும் கற்பித்தால், பயன்படுத்துவோர் பெருகுவர். பழுது பார்ப்போர் அருகுவர்.

‘நிரலைத் திறந்து வைத்தால் தீயோர் கையில் சிக்காதா?’ என்றும் சிலர் அஞ்சுவர். பாதுகாப்பைச் சார்ந்தவற்றை மூடி வைப்பது நியாயமே. மழையைக் கணக்கிடும் முறையும், ராகியின் விளைச்சலைக் கணக்கிடும் முறையும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. அவற்றைப் பலர் ஆராய்வதால் பிழை குறையுமேயன்றி ஆபத்து பெருகாது.

செய்யவேண்டுவன

மத்திய அரசாங்கம் 2015-ஆம் ஆண்டில் இரண்டு கொள்கைகளை வெளியிட்டது. அரசு அலுவலகங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முதலிடம் தருவது ஒன்று. அரசாங்கச் செயலிகளின் மூல நிரலைத் திறந்து வைத்துப் பலரும் கூடி வளர்ப்பது மற்றொன்று. அலுவலகச் செயலிகளுக்கு வகுத்த இந்நெறியைப் பொதுப்பணத்தில் எழுதப்படும் விஞ்ஞான நிரல்களுக்கும் முழு அளவில் கடைப்பிடிப்பதே முறை. அயல்நாட்டார் திறந்து வைத்ததை எடுத்து வளர்த்த பின்பு, அவ்வளர்ச்சியைத் திரும்பவும் பொதுவில் வைப்பது நன்றியறிதலும் ஆகும், தன்னலத்துக்கும் உகந்தது. திறந்து வைக்கையில், நிரலோடு தெளிவான விளக்கக் குறிப்பையும் இணைப்பது இன்றியமையாதது. அக்குறிப்பு இந்திய மொழிகளிலும் இருந்தால், படிப்போர் வட்டம் இன்னும் விரியும்.

கல்லூரி ஆசிரியர், கணித முறைப் பாடத்தில், இறுதியாண்டு மாணவர்க்குப் புதிதாக ஒரு நிரல் எழுதும் வேலையைத் தருவதோடு, ஏற்கெனவே உள்ள ஒரு திறந்த நிரலின் சிறு பகுதியைப் படித்து விளக்கும் வேலையையும் தரலாம். எழுதுவதைவிடப் படிப்பது கடினம். அதனால் வரும் பயிற்சியும் பெரிது.

பள்ளி ஆசிரியருக்கும் ஒரு சிறு பாடம் இதில் கிடைக்கிறது. ஃபோர்ட்ரானின் பழைய விதிப்படி, வேறு அறிவிப்பு இல்லாவிடில், ஆங்கில எழுத்துகளுள் ‘ஐ’ முதல் ‘என்’ வரையிலான எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் முழு எண்களைக் குறிக்கும். ஒரு மாணவன் மழையளவுக்குத் தமிழிலேயே பெயரிட விரும்பி, ‘மழை’ என்னும் சொல்லை ஆங்கில எழுத்துகளில் எழுதுகிறான் என்று கொள்வோம். அது ‘எம்’ என்னும் எழுத்தில் தொடங்கும். ஆகவே, 12.6 மில்லிமீட்டர் என்று அவன் இட்டால், பொறி 12 என்று மட்டும் வைத்துக்கொள்ளும். பின்னம் ஒலியின்றி மறையும். தவறு நேர்ந்ததாகப் பொறி கூச்சலிடாது. நிரலின் தொடக்கத்தில், ‘அறிவிக்காத பெயர் எதையும் ஏற்காதே’ என்னும் ஒரு வரியைச் சேர்த்தால் இத்தவறு நேராது. இந்த உதாரணத்தை வகுப்பில் ஒரு முறை செய்து காட்டினால், கணிப்பொறி சொல்வதெல்லாம் மெய் என்னும் மூடநம்பிக்கை மாணவரிடம் தோன்றாது. விடையைப் பார்ப்பவனுக்குப் பிழை தெரியாது. நிரலைப் படிப்பவனுக்கே தெரியும் என்பதும் விளங்கும்.

களப் பணியாளருக்கு நிரல் எழுதத் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அவர் செய்யக்கூடிய தொண்டு வேறு. அறிக்கை சொன்ன மழை எவ்வளவு, மழைமானியில் பதிவான மழை எவ்வளவு என்னும் இரண்டு எண்களையும் தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் அருகருகே எழுதி வருவது அத்தொண்டு. ஒரு நாளின் எண் எதையும் நிரூபிக்காது. இரண்டு மூன்று பருவங்களின் எண்கள் ஒன்றுசேர்ந்தால், நிரல் எந்த மாதத்தில், எத்தகைய மழையில் தவறுகிறது என்பது வெளிப்படும். அத்தகைய குறிப்பை அருகிலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்துக்கோ வானிலை நிலையத்துக்கோ அனுப்பினால், நிரலைத் திருத்துவோருக்கு அது கிடைத்தற்கரிய உதவியாகும். அயல்நாட்டு விஞ்ஞானி எவரும் ராமாபுரத்து வயலில் பெய்த மழையை அளந்து சொல்லப் போவதில்லை.

ஏட்டுச் சுவடிகளின் வரலாற்றைத் தமிழர் அறிவர். பழைய நூல்களை எவரும் பூட்டி வைக்கவில்லை. மடங்களிலும் வீடுகளிலும் அவை கிடக்கவே செய்தன. படிப்பவரும் படியெடுப்பவரும் குறைந்ததனாலேயே அவை செல்லுக்கும் நெருப்புக்கும் இரையாயின. உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகத் தேடி, பிரதிகளை ஒப்பிட்டுப் பார்த்து, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய பின்னரே அந்நூல் மீண்டும் பலர் கையில் தவழ்ந்தது. விஞ்ஞான நிரல்களும் ஏடுகளே. அவற்றைத் திறந்து வைக்கும் பணியைப் பலர் செய்து முடித்திருக்கின்றனர், செய்தும் வருகின்றனர். படிக்கும் பணி எஞ்சியிருக்கிறது. அப்பணிக்கு ஆட்களை ஆயத்தப்படுத்துவது கல்விக்கூடங்களின் கடமை. அவர்களுக்கு மெய்யான மழையளவைத் தந்துதவுவது களப் பணியாளரின் கடமை. இவ்விரண்டும் நிறைவேறினால், செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் வரும் அறிக்கையை ஊராரிடம் எடுத்துச் சொல்பவர், அதன் எண்கள் எவ்வாறு கிடைத்தன என்பதையும் அறிந்தவராகச் சொல்வார். ஊராரும் அதனை அந்த மதிப்போடு கேட்பர்.